நீரும் உடைமையும்: நண்டு, இறால் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சிவனொளிபாதமலையின் மேற்குச் சரிவுகளிற் பெய்யும் மழை, தெரணியகலையைச் சூழ்ந்த தோட்டங்களின் ஊடே எண்ணற்ற ஓடைகளாய் இறங்கிச் சீத்தாவக்கை கங்கையிற் சேர்கிறது. சீத்தாவக்கை அவிசாவளைப் பக்கமாய்ச் சென்று களனி கங்கையோடு கலக்கிறது. களனியோ மலைநாட்டில் தோன்றி, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்பின் வடபுறத்தே கடலை அடைகிறது. சிங்களத்தில் மோதர என வழங்கும் அவ்விடத்திற்குத் தமிழில் முகத்துவாரம் என்று பெயர். லயத்தின் பின்புறத்து ஓடையையும் இந்துமாக்கடலையும் இணைக்கும் இந்நீர்வழியை, வகுப்பறைப் படத்தில் ஒரு நீலக்கோடாக வரைந்து நாம் மாணவர்க்குக் காட்டுகிறோம். அக்கோட்டினுள் வாழும் உயிர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதையோ, அவ்வரலாறு மனிதரின் நிலவுடைமை வரலாற்றினின்றும் பிரிக்க இயலாதது என்பதையோ நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. இக்குறையைச் சிறிதேனும் போக்கும் எண்ணத்துடன், நண்டு, இறால் என்னும் இரு சாதாரண உயிர்களை முன்வைத்து இங்கே சில செய்திகளை ஆராய விரும்புகிறோம்.

இவை நம் இலக்கியத்திற்குப் புதியன அல்ல. சங்கப் பாடல்களில் நண்டு அலவன் எனப்படும். நெய்தல் மணலில் ஓடும் அலவனை விரட்டி ஆடுவது இளமகளிர் விளையாட்டுகளுள் ஒன்று. மருதநிலத்து வயல் வரப்பிலும் நண்டு வளை தோண்டுகிறது. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்றான் உழவன். இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடி என்றான் மீனவன். இவ்விரண்டாம் பழமொழியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அதனை ஆக்கியவனுக்கு இறால் என்பது தூண்டிலிற் கோக்கும் சிற்றிரை, அவ்வளவே. அச்சிற்றிரை உலகச் சந்தையின் விலையுயர்ந்த பண்டங்களுள் ஒன்றாக மாறியது கடந்த எழுபது ஆண்டுகளுக்குள்தான். அம்மாற்றம் இயற்கையாய் நிகழ்ந்ததன்று.

முதலில் நண்டை எடுத்துக்கொள்வோம். தெரணியகலைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டி நண்டு பிடித்த நினைவு அவருக்கு இருக்கும். தடிமன் கண்டால் நண்டை இடித்து மிளகு சேர்த்து இரசம் வைப்பது லயத்து வைத்தியம். விடியற்காலைப் பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலையேறி, மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துத் திரும்பும் தாய்க்கு, பிள்ளைகள் தகரப் பேணியில் கொண்டுவரும் நாலைந்து நண்டுகள் காசில்லாமற் கிடைக்கும் கறி. இரப்பர் மலைகளில் பால்வெட்டச் செல்வோரும் இதனை நன்கறிவர். ஆனால், அந்தப் பேணியிற் கிடப்பது உலகின் வேறெந்த மூலையிலும் காணக் கிடைக்காத உயிர் என்பதை அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை.

கடல் நண்டு இலட்சக்கணக்கான முட்டைகளைச் சினையாகச் சுமந்து, பொரிக்கும் நுண்குஞ்சுகளை நீரோட்டத்தில் விட்டுவிடும். அவை அலையோடு அலையாய் நெடுந்தூரம் மிதந்து சென்று, பல உருமாற்றங்களுக்குப் பின்னரே நண்டின் வடிவம் பெறும். மலையோடை நண்டு இவ்வாறு செய்வதில்லை. அது இடுவது பருத்த முட்டைகள் சிலவே. மிதக்கும் பருவங்கள் யாவும் முட்டைக்குள்ளேயே கழிந்துவிட, முழு உருவம் பெற்ற சின்னஞ்சிறு நண்டாகவே குஞ்சு வெளிப்படுகிறது. அதன் பின்னரும் தாய் அக்குஞ்சுகளைத் தன் வயிற்று மடிப்பின் கீழ்ச் சிலகாலம் சுமந்து திரிகிறது. ஆதலால் ஓடை நண்டு கடலைக் கடப்பதில்லை. மலைமுகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கை அடைவதும் அதற்கு அரிது. ஒரு மலையின் நண்டு அம்மலையிலேயே தலைமுறை தலைமுறையாய்த் தங்கி, காலப்போக்கிற் பக்கத்து மலை நண்டினின்றும் வேறான ஓர் இனமாகிறது. பள்ளத்தாக்குக்கு ஓர் இனம் என்று சொல்லத்தக்க அளவில் இலங்கையின் ஈரவலயத்தில் நன்னீர் நண்டுகள் பெருகிய வரலாறு இதுவே.

இவற்றை அறிவியல் அறிந்துகொண்டது மெல்ல மெல்லத்தான். 1910இல் அல்கொக் இந்திய நன்னீர் நண்டுகளின் பட்டியலை வெளியிட்டார். 1960இல் சி. எச். பெர்னாண்டோ இலங்கை நண்டுகளைத் தனியே ஆராய்ந்து எழுதினார். 1962இல் சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று இத்தீவெங்கும் சுற்றி உயிரினங்களைச் சேகரித்தது. அக்குழுவின் தலைவர் பேர் பிரிங்க் என்பவரின் பெயரால், மலைநாட்டு நண்டுப் பேரினமொன்றுக்குப் பெர்பிரிங்கியா என ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் பொட் பெயரிட்டார். பிறகு நெடிய இடைவெளி. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் பீற்றர் இங், இலங்கையின் பாஹிர், பெத்தியாகொட முதலியோர் ஓடை ஓடையாகத் தேடி ஆராய்ந்து, 2005இல் ஏறத்தாழ ஐம்பது இனங்கள் உண்டென நிறுவினர். 2012ஆம் ஆண்டின் தேசியச் செம்பட்டியல் 51 நன்னீர் நண்டினங்களை மதிப்பிட்டது. அவற்றுள் 50 இத்தீவுக்கே உரியவை. பெரும்பான்மையானவை அழியும் ஆபத்தில் உள்ளவை.

எஞ்சிய அந்த ஓரினம் சமவெளி வயல் நண்டு. பாக்குநீரிணையின் இருபுறத்தும், தென்னிந்திய வயல்களிலும் வட இலங்கையிலும், அது வாழ்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அதனிடம் பாட்டன் பிறந்த இடத்திற்குச் சான்று கேட்கவில்லை என்பதை நாம் ஒரு புன்னகையோடு குறித்துக்கொள்ளலாம்.

அறிவியலார் ஐம்பது எனக் கண்டது எஞ்சியிருந்தவற்றை. எஞ்சாதுபோனவை எத்தனை? எந்தப் பட்டியலாலும் சொல்ல முடியாத அக்கணக்கின் தொடக்கம் 1840ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலம் யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கே உரியவை என விதித்தது. தலைமுறைகளாய்க் காட்டில் சேனை செய்தும் விறகும் தேனும் எடுத்தும் வந்த சிங்களக் கிராமத்தவனிடம் காட்டுவதற்கு உறுதி ஏது? முடி அந்நிலத்தை எடுத்தது. எடுத்ததைத் தோட்டக்காரருக்கு மலிவாய் விற்றது. காடு வெட்டிக் கோப்பி நடப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, உயர்ந்த சரிவுகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1876இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தினின்றும் ஏனரத்கொடைக்கு வந்த இரப்பர்க் கன்றுகள், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் உலகச் சந்தையில் விலை ஏறியதும் களனிப் பள்ளத்தாக்கின் தாழ்சரிவுகளை மூடின. 1902இல் அவிசாவளை வரை வந்த களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை அப்பொருளாதாரத்தின் இரும்பு நரம்பு.

காட்டை வெட்டியவர் யார்? திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகிய வறண்ட சீமைகளிலிருந்து கங்காணிமாரின் கடனிற் கட்டுண்டு வந்த நம் மக்களே. கிராமத்தவனின் காட்டைப் பறித்த அதே சட்டம் நிலமற்ற தொழிலாளிக்குக் கோடரியைக் கொடுத்தது. இவ்விரு மக்களையும் ஒருவரையொருவர் பகைவராய்க் காணும்படி பின்னர் ஆக்கிவைத்த அரசியல் தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே நமக்கு வேண்டுவது வேறு. நிழல் போனது; ஓடை நீர் வெயிலிற் காய்ந்தது; வேரற்ற சரிவினின்றும் மண் கழுவுண்டு வந்து கற்களின் இடுக்கை அடைத்தது. நண்டு வாழ்வது அவ்விடுக்கிலேதான். முகட்டைத் தாண்டிச் செல்ல இயலாத உயிர் வேறெங்கே போகும்? பின்னாளில் களைநாசினியும் பூச்சிநாசினியும் அதே ஓடையில் இறங்கின. கீழே வயலில் வரப்பைத் துளைக்கும் நண்டை விவசாயி நஞ்சிட்டுக் கொன்றான்.

ஓடை நண்டை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது ஒரு நிலவுடைமை முறை. இன்று பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோரிற் சிலர், தகரப் பேணியோடு ஓடையில் இறங்கும் லயத்துச் சிறுவனைச் சுட்டிக்காட்டுகின்றனர். நண்டைப் பிடித்துத் தின்பதால் சிறிதும் குறையாது என்று நாம் வாதிடவில்லை. சினை நண்டையும் குஞ்சு சுமக்கும் தாயையும் விட்டுவிடவேண்டும் என்று அச்சிறுவனுக்குக் கற்பிப்பது ஆசிரியரின் கடமைதான். ஆயினும் ஒன்றரை நூற்றாண்டாய் மலையையே மொட்டையடித்த கையை விட்டுவிட்டு, நாலு நண்டு பிடித்த கையைப் பற்றுவது நீதியாகாது. எத்தனை தலைமுறை அம்மலையில் உழைத்தும் அவனுடைய குடும்பத்திற்கு ஓடைக் கரையில் ஒரு முழம் நிலம் உரிமையில்லை. 1970களின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்று. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. உடைமையாளர் மாறினர். லயம் மாறவில்லை. கரையில் மரம் நிற்பதா, தேயிலை நீர்விளிம்பு வரை இறங்குவதா என்று முடிவுசெய்பவர் அந்த ஓடையில் நண்டு பிடித்தவரும் அல்லர். தண்ணீர் மொண்டவரும் அல்லர்.

இனி இறாலுக்கு வருவோம். களனி போன்ற ஆறுகளின் கீழ்ப்பகுதியில் வாழும் நன்னீர்ப் பேரிறால், ஓடை நண்டுக்கு நேர் எதிரான வாழ்வுடையது. நீல நிறக் கொடுக்குக் கால்களை உடைய இதன் வளர்ந்த பெட்டை ஒருமுறையில் எண்பதாயிரம், இலட்சம் எனச் சினை கொள்ளும். அச்சினையுடன் அது ஆற்றோடு கீழிறங்கி, உவர்நீர் கலக்கும் முகத்துவாரத்தை அடைகிறது. பொரிக்கும் நுண்குஞ்சுக்கு உப்பு வேண்டும். தூய நன்னீரில் விடப்பட்டால் நான்கைந்து நாட்களில் இறந்துவிடும். பதினொரு பருவங்களைக் கடந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் இறால் வடிவம் பெற்ற பின்னரே குஞ்சு ஆற்றை எதிர்த்து மேலேறத் தொடங்கும். ஓடை நண்டுக்கு ஒரு கல்லின் நிழல் போதும். பேரிறாலுக்கு முழு ஆறும் வேண்டும். ஒன்று தங்கி வாழ்வது, மற்றையது பயணத்தால் வாழ்வது.

உப்பின் இந்த இரகசியம் நெடுங்காலம் எவருக்கும் தெரியாதிருந்தது. குளத்தில் இறாலை வளர்க்க முயன்றவர் குஞ்சு பிழையாதது கண்டு கைவிட்டனர். 1960களின் தொடக்கத்தில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தைச் சேர்ந்த சீன அறிஞர் ஷாவோ வென் லிங், மலாயாவின் பினாங்கில் இருந்துகொண்டு இதனைக் கண்டறிந்தார். 1965இல் அங்கிருந்து சில இறால்களை ஹவாய்க்குக் கொண்டுசென்ற தக்குஜி புஜிமுரா, குஞ்சுகளைப் பெருந்தொகையாய் வளர்க்கும் முறையை வகுத்தார். கடல் இறாலைப் பொறுத்தவரை ஜப்பானியரான மொத்தோசாக்கு புஜினாகா 1930களிலேயே வழிகாட்டியிருந்தார். இவர்கள் மூவரும் வேண்டியது மலிவான உணவு என்று நாம் நம்புகிறோம். அறிவு பிறந்த இடத்தில் அது எவருக்குப் பயன்படும் என்பது எழுதப்படுவதில்லை. அதை எழுதுவது சந்தை.

சந்தை முதலில் கடலுக்குள் இறங்கியது. 1952இல் இந்தியாவும் நோர்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் மீனவர் வாழ்வை உயர்த்தும் திட்டமொன்று தொடங்கிற்று. உள்ளூர் மக்களுக்கு மீன் மலிவாய்க் கிடைக்கவேண்டும் என்பதே தொடக்க நோக்கம். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க, ஜப்பானியச் சந்தைகள் இறாலுக்குக் கொடுத்த விலை அந்நோக்கத்தை அடித்துச்சென்றது. கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடியும் விசைப்படகும் தென்னிந்தியக் கரைகளெங்கும் பரவின. கட்டுமரக்காரன் தன் கடலிலேயே அந்நியனானான். பாக்குநீரிணையில் இன்று தமிழக விசைப்படகுகளுக்கும் யாழ்ப்பாண, மன்னார் மீனவருக்கும் இடையே நிலவும் துயரமான மோதலின் வேரும் இங்கேயே இருக்கிறது. போரினால் முப்பதாண்டு கடலிழந்து மீண்ட வடபகுதி மீனவன் தன் வலை அறுபடுவதைக் கண்டான். 2017இல் இலங்கை இழுவை மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தது. இரு கரையிலும் நிற்பவர் தமிழ் உழைப்பாளர். இலாபத்தின் பெரும்பங்கு படகில் ஏறாதவருடையது. இதனை மறைத்து, இனப்பாசத்தால் மட்டும் இப்பூசல் தீர்ந்துவிடும் என்று பேசுவோர் மீனவருக்கு நன்மை செய்தவராகார்.

கடலிற் கிடைப்பது போதாமற் போனபோது இறால் பண்ணை வந்தது. சினை விரைவில் முதிரவேண்டும் என்பதற்காகத் தாய் இறாலின் ஒரு கண்தண்டை நறுக்கிவிடுவது வரி இறால் குஞ்சு பொரிப்பகங்களில் வழக்கமாயிற்று. சினை முதிர்வதைத் தடுக்கும் சுரப்பு அக்கண்தண்டிலே உள்ளது. ஒரு கண்ணை இழந்த இறால் சில நாட்களில் முட்டையிடும். இத்தொழிலின் அவசரம் முழுவதற்கும் இதனினும் தெளிவான ஓர் அடையாளத்தை நாம் கண்டதில்லை.

இலங்கையில் இறால் பண்ணை 1970களின் பிற்பகுதியில் கிழக்கே மட்டக்களப்பிலேயே தொடங்கிற்று. அங்கு அதன் வரலாறு குருதியில் முடிந்தது. 1987 சனவரி 28 அன்று கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவில், விசேட அதிரடிப்படையின் நடவடிக்கையின்போது, இறால் பண்ணைத் தொழிலாளர் உள்ளிட்ட பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். கூலிக்கு வந்து அன்று மாலை வீடு திரும்பாத அவர்களின் பெயர்கள் எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் இல்லை. போர் கிழக்கை மூடியபின் மூலதனம் வடமேற்குக்குச் சென்றது. சிலாபம் முதல் புத்தளம் வரை, உடப்புப் போன்ற பழந்தமிழ் மீனவர் ஊர்களும் சிங்கள, முஸ்லிம் ஊர்களும் கலந்து கிடக்கும் களப்போரங்களில், கண்டற் காடும் உப்புச் சேற்றுவெளியும் சதுரம் சதுரமாய் வெட்டப்பட்டன. கண்டல் வேர்களுக்கிடையே சேற்று நண்டும் இறால் குஞ்சும் வளர்ந்த நிலம் அது. எவர் பெயரிலும் உறுதியில்லாத பொது நிலம். 1840இல் மலையில் நிகழ்ந்தது, ஒன்றரை நூற்றாண்டின் பின் கடற்கரையில் மீண்டும் நிகழக் கண்டோம்.

அப்பண்ணைகளின் வீழ்ச்சி நீரினாலேயே வந்தது. ஒல்லாந்தர் பெயரால் வழங்கும் பழங்கால்வாயொன்று அக்களப்புகளை இணைக்கிறது. பண்ணைகள் யாவும் அதிலிருந்தே நீரை எடுத்து, கழிவையும் அதிலேயே விட்டன. ஒருவரின் கழிவு அடுத்தவரின் ஊற்று. 1980களின் இறுதியில் ஒரு நோய் வந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றிய சில நாட்களுக்குள் குளம் முழுவதும் செத்து மிதக்கும். பெரும்பாலான பண்ணைகள் கைவிடப்பட்டன. உப்பேறிய வெற்றுக் குழிகள் மிஞ்சின. பெருமுதலாளி வேறு தொழிலுக்குப் போய்விடலாம். கடன்வாங்கி ஒரு குளம் வெட்டியவனும், கண்டலும் களப்பும் கொடுத்ததைக் கொண்டு வாழ்ந்தவனும் எங்கே போவார்கள்? பிற்காலத்தில், ஒவ்வொரு வலயமும் முறைவைத்து வெவ்வேறு காலத்தில் இறால் விடவேண்டும் என்ற ஒழுங்கு புகுத்தப்பட்டது. பொது நீரைப் பொதுவாகவே ஆளவேண்டும் என்பதை மீனவர் முன்னரே அறிந்திருந்தனர். நட்டம் அதை மற்றவர்க்கும் கற்பித்தது.

அதே 1996இல், நீரிணையின் அப்புறத்தே வேறொன்று நிகழ்ந்தது. கீழத்தஞ்சையின் நாகைக் கரையோரத்தில் நெல் வயல்கள் இறால் குளங்களாய் மாறிக்கொண்டிருந்தன. 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காக 44 உழைப்பாளர் குடிசையொன்றினுள் எரித்துக் கொல்லப்பட்ட மாவட்டம் அது. அக்கொடுமைக்குப் பின்னர் அங்கே வந்து தங்கி, நிலமற்ற தலித் பெண்களுக்கு நிலம் பெற்றுக்கொடுப்பதையே வாழ்வாய்க் கொண்ட சர்வோதயத் தொண்டர்கள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும், இம்மக்களின் கூலி வேலையும் குடிநீரும் இறால் குளத்தில் மூழ்குவதைக் கண்டனர். வயலில் நடவும் களையெடுப்பும் அறுவடையும் ஊர்ப் பெண்கள் அனைவருக்கும் வேலை. இறால் குளத்திற்கு இரண்டொரு காவலாளர் போதும். கிணறு உப்பாயிற்று. மறியலும் உண்ணாநோன்பும் நடந்தன. நமக்கும் காந்திய வழியினருக்கும் பல வேறுபாடுகள் உண்டு. ஆயினும் அப்போராட்டத்தின் மதிப்பை அவ்வேறுபாடு குறைப்பதில்லை.

ஜெகந்நாதன் 1994இல் தொடுத்த வழக்கில், 1996 திசம்பர் 11 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை வலயத்துள் மரபுவழிப்பட்டவை தவிர்ந்த இறால் பண்ணைகளை இடிக்கவேண்டும், வேலையிழப்போர்க்கு ஈடு கொடுக்கவேண்டும், அழிவுற்ற சூழலை மீட்கும் செலவைப் பண்ணையாரே ஏற்கவேண்டும் என்பன அதன் சாரம். நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழற் பொறியியல் ஆய்வு நிறுவனம், இத்தொழில் ஈட்டிய வருமானத்தைவிட அதனால் நேர்ந்த அழிவின் மதிப்பே அதிகம் எனக் கணக்கிட்டுக் காட்டியிருந்தது. ஏழை உழவரின் சொல்லுக்கு எண்கள் துணைநின்ற அரிய தருணம் அது. ஆனால் தீர்ப்பு எழுதியபடி நிறைவேறவில்லை. மறுஆய்வு மனுக்களும் புதிய சட்டவரைவுகளும் குறுக்கே வந்தன. 2005ஆம் ஆண்டின் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம், உரிமம் பெற்ற பண்ணைகளுக்கு அத்தடை பொருந்தாது என ஆக்கிவிட்டது. நீதிமன்றத்தில் வென்றவர் நாடாளுமன்றத்தில் தோற்றனர் எனலாம்.

இறால் வளர்ப்பே கூடாது என்பது நம் கருத்தன்று. இலங்கையின் உலர்வலயக் குளங்களில் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை பேரிறால் குஞ்சுகளை விடுகிறது. குளத்து மீனவர் சங்கங்கள் அவற்றைப் பிடிக்கின்றன. குளத்து நீரில் அவ்விறால் இனம்பெருகாது, உப்பில்லை அல்லவா? ஆகையால் மீண்டும் மீண்டும் குஞ்சு விடவேண்டும். இதில் கண்டல் அழிவதில்லை, வயல் உப்பாவதில்லை, நீர் ஒருவனின் உடைமையாவதும் இல்லை. ஊரார் பொதுவில் ஆளும் நீரில் அறிவியல் எப்படிப் பயன்படலாம் என்பதற்கு இதனைச் சிறியதோர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். குஞ்சு கிடைக்கும் காலமும் விலையும் இடைத்தரகும் பற்றிய குறைகள் தனி.

மீண்டும் சீத்தாவக்கைக்கு வருவோம். 1990களின் பிற்பகுதியிலிருந்து சப்பிரகமுவ மலையாறுகளில் தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் பெருகின. புகையில்லாத மின்சாரம் என்பதால் இவற்றை நாம் உடனே வெறுத்துவிட முடியாது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். ஆனால் இவற்றின் இயக்கத்தை அறிதல் வேண்டும். ஆற்றின் குறுக்கே ஒரு சிற்றணை. அங்கிருந்து நீரைக் குழாயில் திருப்பி, கீழே மின்பொறியைச் சுழற்றியபின் மீண்டும் ஆற்றில் விடுகின்றனர். அணைக்கும் மின்பொறிக்கும் இடைப்பட்ட ஆறு, கோடையிற் கல்லும் குட்டையுமாய்க் கிடக்கும். ஓட்டமற்ற ஆறு என்ன செய்யும் என்பதைக் கேகாலை மாவட்டம் அறியாததன்று. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கியபோது நுளம்பு பெருகி, 1935 வரை நீடித்த மலேரியாக் கொள்ளைநோய் இவ்வட்டாரத்தைச் சூறையாடிற்று. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து இக்கிராமங்களில் நடந்தனர். என். எம். பெரேரா 1936இல் உருவன்வெல்லைத் தொகுதியில் வென்று சட்டசபை சென்றது அந்த நடையின் தொடர்ச்சிதான்.

ஆற்றில் எக்காலத்தும் ஓடவேண்டிய நீரின் அளவை வரையறுத்து விடுவதும், சிற்றணையில் உயிர்கள் ஏறிச்செல்ல ஒரு படிவழி அமைப்பதும் பொறியியலுக்குக் கடினமானவை அல்ல. ஓடையின் இருகரையிலும் சில மீற்றர் அகலத்திற்கு மரங்களை விட்டுவைத்து, அவ்விடத்தில் நஞ்சு தெளியாதிருப்பது தோட்டத்தை நட்டப்படுத்திவிடாது. கரை மரங்கள் மண்ணைப் பிடிக்கும். மண்சரிவுக்கு ஆண்டுதோறும் அஞ்சிக்கிடக்கும் லயத்தவர்க்கு அதன் பொருள் தெரியும். அம்மரங்களை நடவும் காக்கவும் அவர்களுக்குக் கூலியும் உரிமையும் கொடுத்தால், ஓடையைக் காக்க வெளியிலிருந்து காவலரைக் கொணர வேண்டியதில்லை. இவற்றைக் கேட்பதற்கு, கரையில் தமக்கென்று ஒரு துண்டு நிலமும் கூட்டத்தில் ஓர் இருக்கையும் இல்லாத மக்களே ஓடைக்கு மிக அருகில் வாழ்கிறார்கள்.

மறுமுனையில் முகத்துவாரத்தின் நிலையும் இலேசானதன்று. கீழ்க் களனியின் கரையில் ஆலைகள் நெருங்கி நிற்கின்றன. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் சரக்குக் கப்பல் எரிந்தபோது, இரசாயனமும் கோடிக்கணக்கான பிளாஸ்டிக் மணிகளும் அக்கரையெங்கும் ஒதுங்கின. மீனவர் கடலுக்குச் செல்வது தடுக்கப்பட்டது. அந்த உவர்நீரில் ஒரு மாதம் பிழைத்திருக்கும் பேரிறால் குஞ்சின் நீளம் ஒரு சென்றிமீற்றருக்கும் குறைவு. அது கரையோரமாய், ஓட்டம் தணிந்த இடம் பார்த்து ஆற்றை எதிர்த்து ஊரத் தொடங்குகிறது. ஓட்டம் கடிதாயிருந்தால், ஈரக் கல்லைப் பற்றி நீருக்கு வெளியேயும் சிறிது தூரம் ஏறும். உலர்ந்த சுவரில் அதனால் ஏற முடியாது.